கேதார்கண்டா, டிசம்பர் கடைசி வாரம்: சொந்த டென்ட்டோடு போக யோசனை தேவை

கொங்குநடை:

வணக்கம். டிசம்பர் கடைசியில் நானும் நண்பனும் உத்தராகண்ட் இமயமலையில் உள்ள கேதார்கண்டா சிகரத்துக்குப் போகிறோம். பேக்கேஜில் சேரவில்லை. ஏற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரியில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, டென்ட்டும் சமையலும் எங்களுடையதாக வைத்துக்கொள்வதாகத் திட்டம். பர்வதமலை, சதுரகிரி ஏறிய பழக்கம் உண்டு. பனியில் தங்கிய பழக்கம் கிடையாது.

இப்போதைய கணக்கு: முதல் நாள் டேராடூனிலிருந்து சாங்க்ரி. இரண்டாம் நாள் ஜூடா கா தாலாப் (வழியில் உள்ள ஏரிக்கரை). மூன்றாம் நாள் பேஸ் கேம்ப். நான்காம் நாள் இரவு 2 மணிக்கே கிளம்பி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, அன்று மாலைக்குள் சாங்க்ரி.

கையில் இருப்பவை: இரண்டு பேர் படுக்கும் மூன்று சீசன் (பனிக்காலம் தவிர்த்த பருவங்களுக்கான) டென்ட், உறையில் ‘0 டிகிரி’ என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் ஆளுக்கொன்று, யோகா மேட், நீளமான கேன் செருகும் போர்ட்டபிள் கேஸ் அடுப்பு, மழைக்கோட்டு, டிரெக்கிங் ஷூ.

எது போதும், எதை மாற்ற வேண்டும்? ஸ்லீப்பிங் பேக் வாங்கவா, அங்கேயே வாடகைக்கு எடுக்கவா? உயரத்தில் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை அவசியமா? மைனஸ் டிகிரியில் உப்புமா கிண்டினால் வேகுமா? கடைசிக் கேள்விக்குச் சிரிக்க வேண்டாம்.


தேவதாரு:

சாமானை அப்புறம் பார்க்கலாம். முதலில் நாள் கணக்கே இடிக்கிறது.

உயரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். சாங்க்ரி 1950 மீட்டர். ஜூடா கா தாலாப் 2770. பேஸ் கேம்ப் 3430. உச்சி 3810. இறங்கும்போது வரும் ஹர்காவ் 2710. டென்ட் போடும் இடத்தைப் பொறுத்து ஐம்பது மீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

3000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை ஏறுகிறவர்களுக்கான பொது விதி. ஜூடாவிலிருந்து பேஸ் கேம்ப்புக்கு 660 மீட்டர். கோவை 400 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த மூன்றாவது, நான்காவது இரவே 3430-ல் படுத்தால் தலைவலி வருவதில் ஆச்சரியம் இல்லை. பேக்கேஜ்காரர்களும் அப்படித்தான் கூட்டிப்போகிறார்கள், பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களிடம் கூடவே ஆள் பலம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேர். அதனால் ஜூடாவில் இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் கிடைக்கும் நாளில் சும்மா படுத்திருக்காமல், பேஸ் கேம்ப் பாதையில் 300 மீட்டர் வரை ஏறி, அங்கே அரை மணி இருந்துவிட்டு, கீழே வந்து தூங்குங்கள்.

இரண்டாவது இடிப்பு, உச்சியிலிருந்து அன்றே சாங்க்ரி என்பது. 1860 மீட்டர் இறக்கம், அதுவும் நள்ளிரவில் எழுந்து ஏறிய காலோடு, நடுவில் டென்ட்டைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு. டிசம்பர் கடைசியில் அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஹர்காவில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை இறங்குங்கள். ஆக சாங்க்ரியிலிருந்து சாங்க்ரிக்கு நான்கு இரவு. அதற்கு மேல் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்திருங்கள். பனி கொட்டினால் வழியும் மூடும், சாலையும் மூடும். திரும்பும் விமான டிக்கெட்டை மறுநாள் காலைக்கே போட்டு வைத்திருப்பவர்கள்தான் போகக் கூடாத வானிலையில் உச்சிக்குக் கிளம்புகிறார்கள்.

சாலை: டேராடூனிலிருந்து முசூரி, நவ்காவ், புரோலா, மோரி, நைட்வார் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். எல்லாம் வளைவு. வாந்தி வரும் உடம்பு என்றால் கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே மாத்திரை போட்டுவிடுங்கள். முசூரி ஏற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. பணத்தை டேராடூனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். புரோலாவைத் தாண்டிய பிறகு ஏ.டி.எம்.மை நம்ப வேண்டாம்.

கேதார்கண்டா கோவிந்த் வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் வருகிறது. வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். அடையாள அட்டை நகல் ஆளுக்கு மூன்று, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு எடுத்துப் போங்கள். டென்ட் கட்டணம், எந்த இடத்தில் தங்க விடுகிறார்கள் என்பதெல்லாம் சீசனுக்குச் சீசன் மாறும் விஷயம். வழிகாட்டியை முன்கூட்டியே பேசி வைத்தால் அவர்தான் அதை முடித்துத் தருவார்.

இன்னொன்று. டிசம்பர் கடைசி வாரம்தான் அந்த மலையில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். பனியும் அப்போது நிச்சயம் இல்லை. சில வருஷம் முழங்கால் வரை, சில வருஷம் நிழல் விழும் சரிவில் மட்டும். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி மூன்றாம் வாரத்துக்குத் தள்ளுங்கள்.


கம்பளிப்பூச்சி:

படுக்கை விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் ஆபத்தான பொருள் டென்ட் இல்லை, யோகா மேட்.

டிசம்பர் கடைசியில் பேஸ் கேம்ப் இரவுக்கு மைனஸ் 10 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சாங்க்ரியில் ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி நின்றால் மேலே மைனஸ் 10 சரியாக வந்துவிடும். காற்று சேர்ந்தால் உடம்புக்கு அது இன்னும் கீழே.

ஸ்லீப்பிங் பேக் உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணி லேபிளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று மூன்று எண் இருக்கும். கம்ஃபர்ட் என்பதுதான் தூக்கம் வரும் வெப்பநிலை. லிமிட் என்பது சுருண்டு படுத்து ஒரு மாதிரி இரவை ஓட்டுவது. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் போகாமல் இருப்பது, அவ்வளவுதான். ‘0 டிகிரி’ என்று விற்கும் பைகளில் பலவற்றுக்கு அந்த 0 லிமிட் எண்தான். கம்ஃபர்ட் 5 டிகிரி பக்கம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது கம்ஃபர்ட் மைனஸ் 10. ஒரு பயணத்துக்காக அதை வாங்காதீர்கள், தமிழ்நாட்டில் அப்புறம் அதை எங்கே விரிப்பது? சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: ஜிப் முழு நீளத்துக்கும் சிக்காமல் ஓடுகிறதா, தலைப்பகுதியை இழுத்துக் கட்டும் கயிறு இருக்கிறதா, தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே பஞ்சு ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா. உங்கள் 0 டிகிரிப் பையையும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம். வாடகைப் பையின் மேல் போர்வையாக விரித்துக்கொள்ளலாம். உள்ளுறை ஒன்று கொண்டு போனால் சுத்தத்துக்கும் ஆகும், இரண்டு மூன்று டிகிரியும் கூடும்.

இப்போது மேட். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் சூடும் இல்லை. முதுகுக்கும் பனிக்கும் நடுவே இருப்பது மேட் மட்டும்தான். மேட்டின் தடுக்கும் திறனை ஆர்-வேல்யூ என்ற எண்ணால் சொல்வார்கள். பனியின் மேல் படுக்க 4-க்குக் குறையக்கூடாது, 5 நல்லது. யோகா மேட் ஒன்றைக்கூடத் தொடாது. நல்ல விஷயம் என்னவென்றால், இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களும் கூடும். ஃபோம் மேட் ஒன்று சுமார் 2 தரும். அதன்மேல் ஆர் 3 அளவுள்ள காற்றடைக்கும் மேட் போட்டால் 5 ஆகிவிடும். காற்று மேட் மட்டும் கொண்டு போகாதீர்கள். ராத்திரி ஓட்டை விழுந்தால் வெறும் பனியில் படுப்பீர்கள். யோகா மேட்டைக் காலடியிலும் உட்காரவும் வைத்துக்கொள்ளலாம்.

டென்ட்: மூன்று சீசன் டென்ட் போதும், அதைப் போடும் விதம் மாற வேண்டும். பனியின் மேல் அப்படியே விரித்தால் உடம்புச் சூட்டில் உருகி, இரவோடு இரவாக இடுப்புப் பக்கம் ஒரு குழி விழும். முதலில் ஷூவோடு அந்த இடத்தைப் பத்து நிமிஷம் நன்றாக மிதித்து, அரை மணி விட்டுவிடுங்கள். பனி இறுகிப் பலகை போலாகும். சாதாரண முளை பனியில் நிற்காது, காற்று ஒரு இழுப்பில் பிடுங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் பனியை நிரப்பிக் கயிறு கட்டி ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மேலே மிதியுங்கள். காலையில் எடுக்கத்தான் தட்டும் கரண்டியும் வேண்டிவரும். பள்ளத்தில் போடாதீர்கள், குளிர்காற்று தண்ணீர் மாதிரி அங்கே வந்து தேங்கும். பனி சுமந்த மரக்கிளைக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

வாசலையும் காற்றுப் போக்கியையும் முழுக்க அடைப்பதுதான் புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் செய்வது. இரண்டு பேர் மூச்சில் வெளிவரும் ஈரம் டென்ட் சுவரில் உறைந்து, விடிகாலையில் தூள் தூளாக முகத்தில் கொட்டும், ஸ்லீப்பிங் பேக் நனையும். இரண்டு பக்கமும் நாலு விரல் திறந்து வையுங்கள். குளிர் கூடும்தான், ஆனால் காய்ந்த குளிர்.

நடந்து வந்த உடையோடு படுக்காதீர்கள். வியர்வை ஊறிய துணி இரவு முழுக்க உங்கள் சூட்டைத் தின்னும். தூங்க மட்டும் என்று ஒரு ஜோடி தெர்மலும் தளர்வான கம்பளிச் சாக்ஸும் தனியாக ஒரு கவரில் கட்டி வையுங்கள். இரண்டு சாக்ஸ் இறுக்கமாகப் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் ஜில்லென்று ஆகும். கொதிநீர் ஊற்றிய பாட்டிலை ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மூடி கசியாததை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். போன், பவர் பேங்க், ஹெட்லேம்ப் பேட்டரி, தண்ணீர் ஃபில்ட்டர் எல்லாம் பைக்குள்ளே உங்களோடு. இழை ஃபில்ட்டர் ஒரு தடவை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பருத்தி பனியன், ஜீன்ஸ் கூடவே கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டேன்.


நெருப்புக்குச்சி:

அந்த நீளக் கேன் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கேனில் இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது திரவத்திலிருந்து ஆவியாகும் புள்ளி மைனஸ் 0.5 டிகிரி. மேலே காற்றழுத்தம் குறைவதால் இந்தப் புள்ளி பத்து டிகிரி அளவுக்கு இறங்கும். ஆனாலும் எரிய எரிய கேன் இன்னும் குளிரும் என்பதால், மைனஸ் 10-ல் கேன் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு ஒழுங்காக எரியாது. குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரும், பற்ற வைத்தால் பெயருக்குத்தான் தீ வரும்.

வேண்டியது மேலே திருகும் வகைக் கேன், ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: புரொப்பேன் முதலில் தீர்ந்துபோகும், பாதிக் கேனுக்குப் பிறகு தீ சோம்பும். அதனால் இரவு கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, காலையில் ஃபோம் மேட் துண்டின்மேல் வைத்துப் பற்ற வையுங்கள். ஒரு தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி அதில் கேனை நிறுத்தினாலும் தீ பிழைக்கும். கொதிக்கும் நீர் வேண்டாம்.

கேனை விமானத்திலும் கொண்டு போக முடியாது, ரயிலிலும் கூடாது. டேராடூனிலோ ரிஷிகேஷிலோ மலையேற்றச் சாமான் கடைக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சீசனில் தீர்ந்துவிடும்.

அளவு: 230 கிராம் கேன் ஒன்று, ஓடைத் தண்ணீர் என்றால் 12 லிட்டர் வரை கொதிக்க வைக்கும். பனியை உருக்கிக் கொதிக்க வைத்தால் 6, 7 லிட்டர்தான், ஏனென்றால் பனியை வெறும் தண்ணீராக்கவே கிட்டத்தட்டப் பாதிச் சூடு போய்விடுகிறது. இரண்டு பேர், நான்கு இரவு, பேஸ் கேம்ப்பில் மட்டும் பனி உருக்குவது என்றால் மூன்று கேன். உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் அரை டம்ளர் தண்ணீர் முதலில் இருக்க வேண்டும். வெறும் பனியைப் போட்டால் அடி தீய்ந்து, தண்ணீரில் புகை வாடை வரும். பொடிப்பனி பத்து லிட்டர் அள்ளினால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். இறுகிய பனியாக வெட்டி எடுத்தால் வேலை குறையும். குடிக்கும் நீரை அந்த உயரத்தில் 3 நிமிஷம் கொதிக்க விடுங்கள்.

உப்புமாவுக்கு வருவோம். இது சிரிக்கும் கேள்வி இல்லை, சரியான கேள்வி. பேஸ் கேம்ப்பில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி, பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது, கேஸ்தான் வேகும். வறுத்த ரவை வேகும். வீட்டிலேயே ரவையை நெய்யில் வறுத்து, தாளிப்பு, உப்பு, பொடித்த முந்திரி எல்லாம் கலந்து ஆளுக்கு 100 கிராம் வீதம் கவர் போடுங்கள். அங்கே 300 மில்லி கொதிநீர் ஊற்றிக் கிளறி, மூடி, துணியால் சுற்றி ஐந்து நிமிஷம். சேமியாவும் அப்படியே. அவல் இன்னும் சுலபம், புளிக்காய்ச்சலோடு பிசைந்தால் போதும். புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் கெட்டியாகும், பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், கொண்டு போகாதீர்கள்.

உச்சி நாள் தீனி: கடலை மிட்டாயும் பேரீச்சையும் குளிரில் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகும். சின்னத் துண்டுகளாக்கி ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். உறைவது மேலிருந்து ஆரம்பிக்கும், அப்போது வாய்ப்பக்கம் திறந்திருக்கும்.

கடைசியாக, எவ்வளவு குளிராக இருந்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். தீப்பிடிப்பதைவிடப் பெரிய பயம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும்.


கொங்குநடை:

மூவருக்கும் நன்றி. நாள் கணக்கை மாற்றிவிட்டோம்: ஜூடாவில் 2, பேஸ் 1, ஹர்காவ் 1, கையிருப்பு 1. வேலை விடுமுறை அந்த வாரம்தான், தேதி மாறாது. உப்புமாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னும் இரண்டு. இரவு 2 மணிப் புறப்பாடு சரிதானா? டயமாக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?


நிழற்கடிகாரம்:

2 மணி தேவையில்லை. நம் ஊர் மலைகளில் ஆறரைக்குள் விடிந்துவிடும் என்ற பழக்கத்தில் போடும் கணக்கு அது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் தலைகாட்டுவது 7 மணி 10 நிமிஷம் வாக்கில். பேஸ் கேம்ப்பிலிருந்து உச்சிக்கு ஏற்றம் 380 மீட்டர், மெதுவாகப் போனாலும் மூன்று மணி நேரம். 2 மணிக்குக் கிளம்பினால் 5 மணிக்கு மேலே போய் நிற்பீர்கள். மரம் இல்லாத உச்சியில், வியர்த்த உடம்போடு, காற்றில், இருட்டில் இரண்டு மணி நேரம் என்ன செய்வது? விரல் மரத்துப்போவது அந்தக் காத்திருப்பில்தான்.

4 மணிக்குக் கிளம்புங்கள். ஆறே முக்கால், ஏழுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

இன்னொரு விஷயம், படம் எடுக்கிற ஆசை இருந்தால். சுவர்க்காரோஹிணி, காலாநாக், பந்தர்பூஞ்ச் சிகரங்கள் எல்லாம் கேதார்கண்டாவுக்குக் கிழக்கே நிற்பவை. உதயமும் ஏறக்குறைய அந்தப் பக்கத்திலிருந்துதான். அந்த நேரத்தில் அவை கறுத்த விளிம்பாகத்தான் தெரியும். பனியின் மடிப்பும் விரிசலும் தெரிய 9 மணி வெளிச்சமாவது வேண்டும். அவை பொன்னாவதைப் பார்க்க ஆசையென்றால் முந்தின நாள் மாலை, மேற்கு வெயில் அவற்றின் முகத்தில் விழும்போது பாருங்கள்.


தேவதாரு:

நேரக் கணக்கு சரி. ஒரே திருத்தம்: அந்த வாரத்தில் பெரிய குழுக்கள் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே வரிசையாகக் கிளம்பும். பாதை ஓர் ஆள் அகலம். 4 மணிக்குப் போனால் அவர்கள் வாலில் மாட்டிக்கொண்டு பத்து அடிக்கு ஒரு தரம் நிற்பீர்கள். நின்றால் குளிரும். ஒன்று இரண்டரைக்கு முன்னால், இல்லை நாலரைக்குப் பின்னால். நாலரையே என் கட்சி. முன்னே போனவர்கள் மிதித்த படிகள் இருக்கும், உதயத்தை உச்சிக்குக் கொஞ்சம் கீழே தோள்பகுதியிலிருந்து பார்ப்பீர்கள், நீங்கள் மேலே போகும்போது பாதிக் கூட்டம் இறங்க ஆரம்பித்திருக்கும். உச்சியில் இருப்பது கல் அடுக்கிய ஒரு சிவன் இடமும் திரிசூலமும்தான். அதைச் சுற்றி நூறு பேர் நெருக்குவதில் என்ன இருக்கிறது?

ஆனால் திரும்பும் நேரத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எங்கே இருந்தாலும் காலை 9.30 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலில் பனி இளகிக் கால் தொடை வரை புதையும். மதியம் மேகமும் காற்றும் சேரும்.


மருந்துப்பெட்டி:

டயமாக்ஸ் என்பது அசெட்டசோலமைடு. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று. ஏற ஆரம்பிப்பதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். கடையில் பெரும்பாலும் 250 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடக்கூடாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள், அதுவும் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரமரவென்று ஊசி குத்துவது, அடிக்கடி சிறுநீர் வருவது, சோடா ருசி கெட்டுப்போவது எல்லாம் அதன் வழக்கமான விளைவுகள். மலையில் முதல் தடவை போட்டு விரல் மரத்தால் அது மருந்தா, குளிரா என்று குழம்புவீர்கள்.

ஜூடாவில் இரண்டு இரவு என்று மாற்றிய பிறகு, முன்பு உயர நோய் வராத ஆரோக்கியமான ஆளுக்கு அது கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. நாள் கூட்டுவதுதான் முதல் மருந்து.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அசாதாரணக் களைப்பு ஏதேனும் சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள், மேலே போகாதீர்கள். பாராசிட்டமால் போடலாம். குறைந்தால் மறுநாள் ஏறலாம், கூடினால் இறங்க வேண்டும். இறங்குவதற்குக் காலை வரை காத்திருக்கக் கூடாத நிலை இரண்டு. ஒன்று, குதிகாலை மறுகாலின் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது: மூளை வீக்கம். இன்னொன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைப்பது, விடாத இருமல்: நுரையீரலில் நீர். இரண்டிலும் இருட்டானாலும் உடனே இறக்கம்தான். பேஸ் கேம்ப்பிலிருந்து ஜூடாவுக்கு இறங்கினாலே 660 மீட்டர் கிடைக்கிறது, பல நேரம் அதுவே ஆளை மீட்டுவிடும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொண்டு போவீர்கள், தெரியும். 3400 மீட்டரில் 85, 90 என்று காட்டுவது அங்கே சாதாரணம். ஜில்லிட்ட விரலில் இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறான் என்பதுதான் முக்கியம். குளிருக்கு ரம் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். தோலுக்குச் சூடு வருவது உடம்பின் உள்ளிருந்து போகும் சூடு.

கறுப்புக் கண்ணாடி வகை 3 அல்லது 4 என்று போட்டிருக்க வேண்டும். பனியில் கண் சுடுவது அப்போது தெரியாது, ஆறு மணி நேரம் கழித்து மணல் கொட்டிய மாதிரி ஆரம்பிக்கும்.

இந்தி தெரியாதவர்கள் என்றால் நான்கு சொல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சிர் தர்த் (தலைவலி), சக்கர் (தலைச்சுற்றல்), உல்ட்டி (வாந்தி), நீச்சே (கீழே). வழிகாட்டிக்கு விஷயம் புரிய இது போதும்.


சறுக்குமரம்:

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மலையில் கணுக்கால் பிசகுவதும் முழங்கால் போவதும் இறக்கத்தில்தான்.

மைக்ரோஸ்பைக்கும் (ஷூ அடியில் மாட்டும் பல் வைத்த சங்கிலி) கெய்ட்டரும் (ஷூவுக்குள் பனி புகாமல் கணுக்காலைச் சுற்றும் உறை) சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். ஷூவோடு கடைக்குப் போய் மாட்டிப் பார்த்து எடுங்கள். ரப்பர் விளிம்பில் வெடிப்பு இருந்தால் வேண்டாம், சங்கிலி வளையம் வாய் பிளந்திருந்தாலும் வேண்டாம். கெய்ட்டரின் கொக்கி காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் அடுத்த காலின் ஸ்பைக் அதில் மாட்டி முகம் குப்புற விழுவீர்கள்.

காலை இறுகிய பனியில் ஸ்பைக் கவ்வும். வெயில் ஏறியதும் ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு, பல் இருந்தும் இல்லாத மாதிரி வழுக்கும். பத்து அடிக்கு ஒரு தரம் தடியால் ஷூ ஓரத்தில் தட்டிவிடுங்கள். இளகிய சரிவில் உடம்பைப் பின்னால் சாய்க்காமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை அழுத்தி ஊன்றி இறங்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால்தான் கால் முன்னே வழுக்கும். தடியை ஏற்றத்தில் இருந்ததைவிட 5, 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து சறுக்குவது அங்கே ஒரு விளையாட்டு. வழிகாட்டி காட்டும் சரிவில் மட்டும், அதுவும் ஸ்பைக்கைக் கழற்றிய பிறகு மட்டும். ஸ்பைக்கோடு சறுக்கினால் பல் பனியில் மாட்டிக் கால் நிற்கும், உடம்பு நிற்காது.

காட்டுக்குள் வந்ததும் பனி குறைந்துவிட்டது என்று ஸ்பைக்கைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். மதியம் உருகிய தண்ணீர் மூன்று மணிக்கு மேல் மர நிழலில் கண்ணாடியாக உறையும். ஹர்காவ் பாதையில் விழுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

கால் நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஒட்ட வெட்டுங்கள். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் விரல் முன்னே இடித்து நகம் கறுக்கும். பயிற்சிக்கு மாடிப்படி ஏறுகிறவர்கள் லிஃப்டில் இறங்காதீர்கள்; இறங்குவதும் பயிற்சிதான், 8 கிலோ பையோடு.


கொங்குநடை:

குறித்துக்கொண்டோம். மொத்த எடை போட்டுப் பார்த்தால் டென்ட், இரண்டு மேட், பை, சமையல், தீனி சேர்த்து ஆளுக்கு 15 கிலோ வருகிறது. தூக்கிவிடலாமா, கோவேறு கழுதை பேசவா?


தேவதாரு:

புதிதாகப் பனியில் நடப்பவர் அந்த உயரத்தில் 15 கிலோ தூக்கக்கூடாது. 9, 10-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். டென்ட், கேன், சமையல் சாமானை ஒரு போர்ட்டரிடம் கொடுங்கள். பனி ஆழமாக இருக்கும்போது கோவேறு கழுதை பேஸ் கேம்ப் வரை வருவது நிச்சயம் இல்லை, ஆள் வருவார். அவருக்கும் படுக்கவும் சாப்பிடவும் ஏற்பாடு உண்டா என்று பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உப்புமாக் கவரை நான்கு பேருக்குப் போட வேண்டியிருக்கும், கேனும் நான்காகும்.


நெருப்புக்குச்சி:

ஐந்தாக. வழிகாட்டியும் போர்ட்டரும் இருந்தால் டீ ஒரு நாளைக்கு மூன்று தரம். ஈரத் துடைப்பான், கவர், காலிக் கேன் எல்லாவற்றுக்கும் ஒரு கோணியை இப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள், சாங்க்ரி வரை திரும்ப வர வேண்டியவை அவை.